நிலாத் திருக்கையின் ஓரம்

பிப்ரவரி 9, 2025 – ஞாயிறு

காலையில் அட்டைகளை எல்லாம் எடுத்து உறை மாற்றினேன். பனிக்காலம் முடிகிற நேரத்தில் பழைய உறைக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும். மொத்தம் 214. எட்டு வருஷத்துச் சேர்ப்பு. கடல் ஜீவராசிகளை வைத்து ஜப்பானில் போட்ட விளையாட்டு அட்டைகள். அந்த விளையாட்டு எனக்கு இன்னும் தெரியாது. படத்துக்காகவும் அச்சுக்காகவும்தான் வாங்குகிறேன்.

அண்ணன் வாசலில் டிராக்டரைக் கழுவிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமையும் சீட்டுக்கட்டுதானா?" என்றான். அவனுக்கு எல்லாமே சீட்டுத்தான். புதுக்கோட்டை மருந்துக் கடையில் வாங்குகிற சம்பளத்தைத் தங்கச்சி சீட்டில் அழிக்கிறாள் என்று தெருவிலும் சொல்லி வைத்திருக்கிறான். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. செவந்தி அண்ணி எதற்குமே ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆதனக்கோட்டையில் பாதிப் பெண்கள் போல முந்திரி கம்பெனிக்குப் போவார்கள், வருவார்கள், உலை வைப்பார்கள். பதினோரு வருஷமாக ஒரே வீடு. நாங்கள் பேசியதை எல்லாம் எழுதினால் ஒரு நாற்பது பக்க நோட்டு நிரம்புமா?

பதினோரு மணிக்குத் திருச்சியிலிருந்து ரத்தினவேல் சார் போன். பேனா, நோட்டுக் கடை வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் அட்டை சேர்க்கிற அறுபது பேருக்கும் அவர்தான் கடைசி வார்த்தை. ஒரு அட்டையை அவர் கையில் வாங்கி 'நல்லது' என்றால் அது நல்லது.

"அருணா, நிலாத் திருக்கையைக் கொடுத்துடலாம்னு இருக்கேன். உனக்கு வேணுமா?"

மூன்று வருஷம் முன்னால் அந்த அட்டையை என்னிடம் இரண்டு நிமிஷம் காட்டினார். 1998, முதல் அச்சு. அதற்கப்புறம் நான் எந்த அட்டையைப் பார்த்தாலும் அதோடு வைத்துத்தான் பார்க்கிறேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என்ன யோசிக்க இருக்கிறது?

பிப்ரவரி 12

சரி என்று சொல்லிவிட்டேன். ஐந்து மாதச் சம்பளம். சொன்ன பிறகு ஒரு மணி நேரம் மாத்திரை அட்டையில் பெயர் படிக்க முடியவில்லை.

பிப்ரவரி 23 – ஞாயிறு

திருச்சி போய் வாங்கி வந்துவிட்டேன்.

சார் கடையின் பின்னறை. கை கழுவி, துடைத்து, இரண்டு நிமிஷம் காயவிட்டு, கறுப்புத் துணி விரித்து அதன் மேல் வைத்தார். லென்ஸை என் கையில் கொடுத்தார்.

கண்ணை வைத்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. வெறும் புள்ளிகள். நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு – வட்டம் வட்டமாக, பூவிதழ் அடுக்கு மாதிரி. இதில் மீன் எங்கே, கடல் எங்கே? மெதுவாக லென்ஸை விலக்கினேன். புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து தண்ணீராயின. தண்ணீருக்குள் திருக்கை சிறகை விரித்தது. சார் விளக்கை ஒரு பக்கம் சாய்த்தார். சிறகின் மேல் இருந்த வெள்ளித் தகடு பற்றிக்கொண்டது. நிலா வெளிச்சம் வாலில் தொடங்கித் தலை வரை ஓடி அணைந்தது. மறுபடி சாய்த்தார். மறுபடி ஓடியது. உள்ளங்கை அளவு காகிதம். அட்டையில் மூச்சுப் படக் கூடாதென்று அடக்கியிருந்தேன், அதை விடவும் மறந்துவிட்டேன்.

"வியாபாரிக்குக் கொடுத்தா வெலை கூடத்தான்" என்றார் சார். "ஆனா இது பார்க்கத் தெரிஞ்ச கண்ணுக்குப் போகணும். அமெரிக்காவுக்கு அனுப்பிப் பாரு. பத்துக்கு ஒம்பது நிச்சயம்."

அங்கே ஒரு நிறுவனம் இருக்கிறது. அட்டையை அனுப்பினால் அச்சு நடுவாக விழுந்திருக்கிறதா, மூலை எப்படி, ஓரம் எப்படி, மேல்பரப்பு எப்படி என்று பார்த்து மார்க் போடுவார்கள். முத்திரை வைத்த பெட்டியில் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். நான் இதுவரை எதையும் அனுப்பியதில்லை. சார் சொன்னதே போதும் என்றுதான் இருந்தேன்.

பஸ்ஸில் வரும்போது பையை நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். பார்க்கத் தெரிஞ்ச கண்ணாம். என் கண்.

மார்ச் 8 – சனி

எழுதவே பிடிக்கல. ஆனா எழுதாம இருக்கவும் முடியல.

மத்தியான ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா கரண்ட் இல்ல. கொல்லைப்பக்கம் வெளிச்சத்துல துவைக்கிற கல்லு மேல உக்காந்து திருக்கையப் பாத்துக்கிட்டிருந்தேன். அண்ணி வேலை முடிஞ்சு வந்து கை கால் கழுவினாங்க. "அது என்ன, இப்படி மினுங்குது?" அப்படின்னு கேட்டுக்கிட்டே முந்தானையில கையத் துடைச்சு நீட்டினாங்க. நான் ஏன் கொடுத்தேன்? தெரியல. பதினோரு வருஷத்துல முதல்தடவையா எதையோ கேட்டாங்கன்னு கொடுத்துட்டேன் போல.

ஓரத்தை மட்டும் பிடிச்சு வாங்கினாங்க. யாரும் சொல்லிக் கொடுக்கல. அஞ்சு எண்ணுற நேரம்தான் இருக்கும்.

"இத யாரோ ஓரம் வெட்டியிருக்காகளே."

"என்ன சொல்றீங்க அண்ணி? இதோட வெலை தெரியுமா ஒங்களுக்கு?"

"வெலை தெரியாது. வெட்டியிருக்கு. மேல ஒண்ணு, இங்கிட்டு வலப் பக்கம் ஒண்ணு."

திருப்பிக் கொடுத்துட்டு அரிசி களையப் போயிட்டாங்க.

முந்திரிப்பருப்பு பொறுக்குறவங்களுக்கு அட்டையப் பத்தி என்ன தெரியும் – இதத்தான் நெனச்சேன். எழுதும்போதே கூசுது. ஆனா நெனச்சேன்.

மார்ச் 9

ஓரம் வெட்டுவது எங்கள் வட்டத்தில் பெரிய பாவம். நாள்பட்ட அட்டையின் ஓரம் தேய்ந்து வெள்ளை தெரியும். அதை ஒரு மயிரிழை அளவுக்கு வெட்டி எடுத்துவிட்டால் புதுசு போல் ஆகிவிடும். காலாவதித் தேதியைச் சுரண்டிவிட்டு மருந்து விற்பது மாதிரி.

ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்தேன். சரியாகத்தான் இருக்கிறது. லென்ஸில் ஒரு மணி நேரம் பார்த்தேன். ஓரம் நேராக, கூர்மையாக இருக்கிறது. கூர்மையாக இருப்பது நல்லதுதானே?

நல்லதுதானா?

மார்ச் 16 – ஞாயிறு

இன்று நான் செய்ததும் நடந்ததும்.

நேற்றே கடையிலிருந்து ஒரு சர்ஜிக்கல் பிளேடு கொண்டுவந்திருந்தேன். விலை போகாத சாதாரண அட்டை ஒன்றை எடுத்து, ஸ்கேல் வைத்து, மேல் ஓரத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு இழையை வெட்டி எடுத்தேன். என் கை அவ்வளவு நிதானமாக வெட்டியதை நினைத்து எனக்கே பெருமை. அதை இன்னும் இருபத்தொன்பது அட்டைகளோடு கலந்தேன். காலையில் அண்ணி அடுப்பில் பால் வைத்திருந்தபோது கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அண்ணி, இதுல வெட்டுனது ஏதாச்சும் இருக்கான்னு பாருங்களேன்."

ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. அட்டைகளை அடுப்பு மேடையில் ஒரு தட்டுத் தட்டி ஒழுங்கு செய்தார்கள். பெருவிரல் நகத்தின் பக்கவாட்டால் மேலே ஒரு தடவு. திருப்பி இன்னொரு தடவு. பிறகு முறத்தில் பருப்பைப் பரப்புவது போலப் பரப்பினார்கள். பால் பொங்குவதற்குள் இரண்டு அட்டை தனியே வந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு, "ரெண்டு இருக்கு" என்றார்கள்.

"ஒண்ணுதான் அண்ணி."

"ஒண்ணு நீ வெட்டுனது. நேத்து வெட்டுனியா? உள்பக்க வெள்ளை இன்னும் வெளுப்பாவே இருக்கு. இன்னொண்ணு வேற யாரோ வெட்டுனது. அது பழசு, அழுக்கேறிப்போச்சு."

பழையதை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அந்த இன்னொன்று நாலு வருஷம் முன்னால் ரத்தினவேல் சார் கடையில் வாங்கிய அட்டைக் கட்டோடு வந்தது.

"எப்படி அண்ணி தெரியுது?"

"எப்படின்னா? தெரியுது. நீ மாத்திரையப் பாத்ததும் என்ன மருந்துன்னு சொல்லலையா?" கொஞ்சம் யோசித்தார்கள். யோசித்துச் சொல்லவேண்டிய விஷயமாக அவர்களுக்கு அது இதுவரை இருந்ததில்லை போல. "மெஷினு வெட்டுன அட்டைக்கு, கத்தி எறங்குன பக்கம் லேசா மழுங்கி இருக்கும். மறுபக்கம் கூரு. வெட்டுனதுக்கு ரெண்டு பக்கமும் கூரு. அடுக்கி வச்சா ஒரு மயிரிழை குட்டையாவும் இருக்கும். நகத்துல வந்து நிக்கிது."

நான் லென்ஸை வைத்துப் பார்த்தேன். அவர்கள் சொன்ன பிறகு தெரிந்தது. கத்தி இறங்கிய பக்கம் மழுங்கல். ஆமாம், இருக்கிறது! எட்டு வருஷமாக ஒவ்வொரு அட்டையிலும் இருந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

அண்ணி பாலை ஆற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன, டீயா காபியா?" என்றார்கள்.

மார்ச் 17

நேற்றிலிருந்து ஒரே நினைப்பு. அப்படியானால் திருக்கையும்?

மார்ச் 22 – சனி

அண்ணியோடு ரேஷன் கடைக்குப் போனேன். சும்மாதான். கூடப் போகவேண்டும் போல் இருந்தது.

மெஷினில் அண்ணி விரலை வைத்தார்கள். பதியவில்லை. அடுத்த விரல். பதியவில்லை. கடைக்காரர் சலித்துக்கொள்ளாமல், "ஒங்களுக்கு எப்பவும் கண்ணுதானக்கா, மறந்துட்டேன்" என்று இன்னொரு கருவியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். உடனே பச்சை விளக்கு எரிந்தது.

வரும் வழியில் கேட்டேன். "கொட்டை ஒடச்ச கை. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து பத்துப் பன்னெண்டு வருஷம். ஓட்டுக்குள்ள இருக்குற எண்ணெய் பட்டா தோலு வெந்துரும். உரிஞ்சு உரிஞ்சு ரேகையே இல்லாமப் போச்சு. தரம் பிரிக்கிற மேசைக்கு வந்தப்புறம்தான் கொஞ்சம் பரவாயில்ல" என்றார்கள். வலித்ததா என்று கேட்டேன். "வலிக்காம?" என்றார்கள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து திருக்கையின் வெள்ளித் தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒரு மூலையில் என் விரல் ரேகை மங்கலாகக் கிடந்தது. நான்தான் இவ்வளவு கவனமானவள். அண்ணி தொட்ட இடத்தில் ஒரு தடமும் இல்லை.

மார்ச் 31

பெங்களூர் ஏஜென்ட் வழியாகத் திருக்கையை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டேன். மூன்று மாதத்துக்கு மேல் ஆகுமாம். அனுப்புகிறேன் என்று சாரிடம் சொன்னேன். எதற்காக என்று சொல்லவில்லை. "ஒம்பது வரலேன்னா என்னைக் கேளு" என்று சிரித்தார். திருடி மாதிரி இருந்தது எனக்கு.

ஏப்ரல் 19 – சனி

அண்ணி வேலை செய்கிற இடத்துக்குப் போனேன். சீசன். வாசலில் கொட்டை மூட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள். உள்ளே நீளமான மேசை, மேலே குழல் விளக்குகள், இரண்டு பக்கமும் பத்துப் பெண்கள்.

நடுவில் பருப்புக் குவியல். கைகள் அதற்குள் போய்ப் போய் வருகின்றன. முழுசு ஒரு பக்கம், பாதி ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். முழுசிலும் ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு என்ற கணக்கில் இருநூத்தி நாப்பது, முந்நூத்தி இருபது என்று அளவு வாரியாகத் தனித்தனி. லேசாகக் கருகியது வேறு, புள்ளி விழுந்தது வேறு. எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. அவர்கள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய் என்று பேசிக்கொண்டே பிரிக்கிறார்கள். மழை பெய்கிற மாதிரி ஒரே சத்தம்.

முந்நூத்தி இருபதிலிருந்து ஒரு பருப்பை எடுத்துப் பக்கத்துக் குவியலில் போட்டேன். எதிரே இருந்த பெண் பேச்சை நிறுத்தாமல் அதை எடுத்துத் திரும்பப் போட்டார். அண்ணி இல்லை, வேறு ஒருவர். அப்போதுதான் உறைத்தது. அண்ணி மட்டும் இல்லை. பத்துப் பேரும்.

மெயின் ரோட்டில் இந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் தினமும் பஸ்ஸில் போகிறேன்.

மே 27

ஏஜென்ட் போன் எடுக்கவில்லை. பிறகு எடுத்து, 'வரிசையில் இருக்கிறது' என்றார்.

ஜூலை 11 – வெள்ளி

மதியம் மெயில் வந்தது. கடையில் ஆள் இல்லாத நேரம்.

மார்க் இல்லை. 'ஓரங்கள் வெட்டப்பட்டுள்ளன: மேல், வலது. தரம் அளிக்க இயலாது.'

மேல், வலது. அமெரிக்காவில் மெஷினும் வெளிச்சமும் அளவுகோலும் வைத்து மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு சொன்னதை, கரண்ட் இல்லாத ஒரு சாயங்காலம் கொல்லையில் நின்று அஞ்சு எண்ணுவதற்குள் அண்ணி சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் வந்தது சந்தோஷம். அதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் எனக்கே நம்ப முடியவில்லை. ஐந்து மாதச் சம்பளம் போய்விட்டது, நான் கவுண்டருக்குப் பின்னால் நின்று சிரிக்கிறேன். அழுகை அப்புறம்தான் வந்தது. பணத்துக்காகவா, சாருக்காகவா, தெரியவில்லை.

அண்ணியிடம் சொன்னேன். "அப்படியா" என்றார்கள். பிறகு, "அந்த சார் பாவம், அவுகளுக்குத் தெரியாம இருந்திருக்கும்" என்றார்கள்.

எனக்கு அது தோன்றவே இல்லை.

ஜூலை 12

சாரிடம் சொல்லிவிட்டேன்.  

"முன்னாடியே சந்தேகம் இருந்துச்சா அருணா?"

"இருந்துச்சு சார். எனக்கு இல்ல. எங்க அண்ணிக்கு."

நடந்ததை எல்லாம் சொன்னேன். அடுப்பில் பால் இருந்தது வரை. கேட்டுக்கொண்டே இருந்தார். கோபப்படுவார், இல்லை மழுப்புவார் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன்.

"நான் அடுத்த ஞாயித்துக்கிழமை வரலாமா? அவங்களைப் பார்க்கணும்" என்றார்.

ஜூலை 20 – ஞாயிறு

சார் வந்து போனார். ஒன்றையும் விடாமல் எழுதப் பார்க்கிறேன்.

புதுக்கோட்டை வந்து பஸ் மாறி, இரண்டு பெட்டியையும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். 340 அட்டைகள். அவருடைய சேர்ப்பில் மேலானது முழுவதும். அண்ணன் வேட்டியை இறக்கிவிட்டு, "வாங்க வாங்க" என்றான். சீட்டு என்ற வார்த்தையை மட்டும் கஷ்டப்பட்டு விழுங்கினான்.

அண்ணி கூடத்தில் ஜமக்காளம் விரித்தார்கள். "சாப்பிட்டுப் பாப்பமா சார், பாத்துட்டுச் சாப்பிடுவமா?"

"பார்த்துடலாம்மா. இல்லேன்னா சோறு எறங்காது."

ஜன்னல் பக்கம் வெளிச்சம் பார்த்து அண்ணி உட்கார்ந்தார்கள். ஒவ்வொன்றாக உறையிலிருந்து நான் எடுத்துக் கொடுத்தேன். மூன்று குவியல். ஒன்று, மெஷினில் வந்தபடியே இருப்பது. இரண்டு, ஓரம் தேய்ந்தாலும் யாரும் கை வைக்காதது. மூன்றாவது – வெட்டியது. முதல் அரை மணி நேரம் மூன்றாவது இடத்தில் ஒன்றுமே இல்லை. சார் முகம் தெளிந்துகொண்டு வந்தது. இரண்டாவது பெட்டியைத் திறந்தோம். ஒன்று விழுந்தது. அடுத்து இன்னொன்று. அப்புறம் வரிசையாக நாலு. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அண்ணி ஒருமுறை கையை நிறுத்தி அவரைப் பார்த்தார்கள்.

"சொல்லுங்கம்மா. நிறுத்தாதீங்க."

கடைசியில் நாற்பத்தேழு.

"எல்லாம் ஒரே கைதான் சார்" என்றார்கள் அண்ணி. "இந்தா பாருங்க, கத்தி போய் முடியுற எடத்துல பூனை முடி மாதிரி ஒரு பிசிறு நிக்கும். எல்லாத்துலயும் இந்தக் கடைசியிலதான் நிக்கிது."

சார் ஒரு அட்டையைத் தரையில் வைத்தார். வலது கையில் கத்தி இருப்பது போலப் பிடித்துக்கொண்டு, ஓரத்தோடு இழுத்துப் பார்த்தார். பிசிறு இருக்கும் முனையில் வந்து முடியவில்லை. அட்டையைத் திருப்பி வைத்து இழுத்தார். அப்போதும் இல்லை. பிறகு, எதற்கென்று எனக்குப் புரியாமல், இடது கைக்கு மாற்றினார். இழுத்தார். கை நேராகப் பிசிறில் வந்து நின்றது. நின்ற கையை எடுக்கவே இல்லை.

"எழிலரசன்" என்றார்.

அவருடைய நண்பர். இருபது வருஷம் கூடவே இருந்தவர், இடது கைக்காரர். சாரை இந்த அட்டைகளுக்குள் கூட்டிவந்ததே அவர்தானாம். கொரோனாவில் போய்விட்டார். மூன்றாவது குவியலில் இருந்த அத்தனையும் அவர் கொடுத்தது, அல்லது அவர் மூலமாக வாங்கியது. நிலாத் திருக்கையும்.

 அண்ணன் வாசல் நிலையில் சாய்ந்தபடி நின்றான். இப்போது சார் திட்டுவார், அல்லது எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

அவர் அண்ணியைப் பார்த்து, "நல்லா வெட்டியிருக்கானாம்மா?" என்று கேட்டார்.

அண்ணி அட்டையைத் திரும்ப எடுத்து, உண்மையாகவே பார்த்தார்கள். "ரொம்ப நல்லா வெட்டியிருக்காக சார். இப்படி ஒரு நெதானமான கை எங்க கம்பெனியில இருந்தா கும்புடுவோம்."

சார் சிரித்துவிட்டார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அண்ணி எழுந்து போய் இலை போட்டார்கள். அவர் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

பஸ் ஸ்டாப்பில் சொன்னார்: "எழிலரசன்கிட்டேருந்து வந்ததுல யார் யாருக்கு வித்திருக்கேன்னு எழுதி வச்சிருக்கேன். பதினேழு பேர். எல்லாருக்கும் சொல்லணும்."

"சார், யாருக்கும் தெரியாது. அவங்க பாட்டுக்குச் சந்தோஷமா வச்சிருக்காங்க. சொல்லாம விட்டாக்கூட…"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே அருணா."

இந்த மனுஷரை நான் என்னென்னவோ நினைத்தேன். பஸ் திரும்பி மறைகிற வரை நின்றேன்.

ஜூலை 21

அட்டை சேர்க்கிறவர்களின் வாட்ஸாப் குழுவில் சார் எழுதிவிட்டார். வாங்கியவர் பெயர் போட்டு, வருஷம் போட்டு, எந்த எந்த அட்டை என்று. நண்பர் பெயரை மட்டும் எழுதவில்லை. 'நான் பார்க்கத் தவறினேன்' என்றுதான் போட்டிருக்கிறார். 'கண்டுபிடித்தவர் ஆதனக்கோட்டை செவந்தி அம்மா' என்றும்.

சிலர் கன்னாபின்னாவென்று திட்டியிருக்கிறார்கள். ஒருவர் குழுவை விட்டே போய்விட்டார். சார் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுகிறார். மதியத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 10

சார் என் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. திருக்கை என்னிடமே இருக்கட்டும் என்றார். அது அமெரிக்காவிலிருந்து வந்து இரண்டு நாள் ஆகிறது. பிரிக்கத் தைரியம் இல்லாமல் வைத்திருந்தேன். இன்று பிரித்தேன்.

ஜன்னலுக்கு நேராகச் சாய்த்தேன். வெளிச்சம் வாலிலிருந்து தலை வரை ஓடியது.

ஒரு மயிரிழை குறைந்ததெல்லாம் அதற்குத் தெரியவே இல்லை.

செப்டம்பர் 6

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்: "அந்தச் சீட்டு சாரு மறுபடி எப்ப வர்றாரு? நல்ல மனுசன்."

நவம்பர் 2 – ஞாயிறு

திருச்சியில் சார் ஏற்பாடு செய்த கூட்டம். ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். பதினேழு பேரில் பதினான்கு பேர் வந்தார்கள். அவர்களோடு கேள்விப்பட்டு வந்தவர்கள் நாற்பது பேராவது இருக்கும். மதுரை, சென்னையிலிருந்துகூட.

அண்ணி தீபாவளிச் சேலையில் வந்தார்கள். ஜன்னல் ஓரம் ஒரு மேசை. அதன் மேல் சார் தன் கையால் எழுதிய பெயர்ப் பலகை: 'திருமதி செவந்தி மலையாண்டி'. அண்ணி உட்காருவதற்கு முன்னால் அதைக் கொஞ்ச நேரம் படித்தார்கள். அதை நேராக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை வரிசை குறையவில்லை. சார் பக்கத்திலேயே நின்று, தான் விற்ற அட்டைகளில் வெட்டியது என்று தெரிந்த ஒவ்வொன்றுக்கும் வந்தவரிடம் கை கூப்பினார். காலையில் திட்டிக்கொண்டு வந்தவர்கள் மத்தியானம் அவருக்கு நாற்காலி போட்டார்கள்.

சென்னைக்காரர் ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய விலை கொடுத்து வேறெங்கோ வாங்கிய அட்டை. "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று அண்ணியிடம் குரலை உயர்த்தினார். எனக்குச் சுருக்கென்றது. எழுந்துவிட்டேன்.

அண்ணி, "அஞ்சாப்பு" என்றார்கள். "கோவப்படாதீங்க தம்பி. இப்படி உக்காருங்க. நகத்த இங்க வைங்க. இல்ல, பக்கவாட்டுல. இப்ப இழுங்க. ம், தெரியுதா?"

அவர் இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.  அவர் முகத்தில் மெதுவாக ஒன்று மாறியதைப் பார்த்தேன். எனக்கு அந்த முகம் தெரியும்.

முடிந்ததும், மாதம் இரண்டு ஞாயிறு கடைக்கு வந்து பார்க்க முடியுமா, கூலி பேசிக்கொள்ளலாம் என்று சார் கேட்டார். "சீசன்ல வர மாட்டேன். மத்த மாசம் வாரேன்" என்றார்கள் அண்ணி. யாரையும் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை.

கிளம்பும்போது வாசலில் அட்டை விற்ற மேசையிலிருந்து பிரிக்காத பாக்கெட் ஒன்றை அண்ணியே காசு கொடுத்து வாங்கினார்கள். சின்னப் பாக்கெட், அஞ்சு அட்டை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பல்லால் கடித்துப் பிரித்தார்கள். நாலு ஒன்றுமில்லாதது. அஞ்சாவது, தலையில் விளக்கு வைத்துக்கொண்டு போகிற ஒரு குட்டி நண்டு. எல்லாப் பாக்கெட்டிலும் வரும். பத்து ரூபாய்க்குக்கூட யாரும் கேட்க மாட்டார்கள்.

ஓரத்தைப் பார்ப்பார்கள் என்று இருந்தேன். பார்க்கவில்லை. அட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு படத்தைப் பார்த்தார்கள். கீரனூர் வரும் வரை பார்த்தார்கள். இத்தனை மாதத்தில் ஒரு படத்தைப் பற்றி அண்ணி பேசிக் கேட்டதே இல்லை.

"இதுக்கு ஏன் வெளக்கு?"

"ஆழத்துல இருட்டா இருக்கும் அண்ணி. வழி பாத்துப் போறதுக்கு."

"அடேயப்பா" என்றார்கள். "தன் வெளக்க தானே தூக்கிட்டுப் போவுது. மூஞ்சியப் பாரேன், எம்புட்டுச் சந்தோசம்."

போனின் பின் உறையைக் கழற்றி, நண்டை உள்ளே வைத்து, அழுத்தி மூடினார்கள். உறை சரியாக மூடவில்லை. அட்டையின் ஒரு மூலையை மடக்கி இன்னும் அழுத்தினார்கள்.

மூலை போய்விடும் அண்ணி என்று சொல்ல வாய் எடுத்தேன்.

சொல்லவில்லை.